பங்காளிச் சண்டையில் போன ராஜ்யம்

அயர்லாந்து எப்படி இங்கிலாந்தின் பிடிக்குள் போனது? இந்தக் கேள்விக்கு அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பதில் ஒரு பெண்ணின் கதை. தென்கிழக்கில் லென்ஸ்டர் என்ற பகுதியை ஆண்ட டெர்மட் மக்மரோ, 1152-ல் பக்கத்து மன்னன் டியர்னன் ஓ'ரூர்க்கின் மனைவி டெர்வோர்கில்லாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். (அப்போது அவளுக்கு வயது 44. தன் மாடுகளையும் சீர்ப் பொருட்களையும் கையோடு கொண்டுபோனாள் என்று ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அதனால் அவன் தூக்கிக்கொண்டு போனானா, அவளே கிளம்பிப் போனாளா என்பது தனிப் பட்டிமன்றம்!) 14 வருடம் கழித்து ஓ'ரூர்க் பழி தீர்த்தான். 1166-ல் டெர்மட் நாட்டை விட்டே விரட்டப்பட்டான். அவன் நேராக இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியைத் தேடிப் போய், அனுமதி வாங்கி, வேல்ஸ் பக்கமிருந்து நார்மன் வீரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினான். வந்தவர்கள் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பெண், ஒரு துரோகி, ஒரு அந்நியப் படை... சினிமாவுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. டெர்மட் விரட்டப்பட்ட அதே 1166-ல் அயர்லாந்து முழுவதற்கும் உயர்மன்னனாக ஒருவன் இருந்தான். மேற்கே கானக்ட் என்ற பகுதியைச் சேர்ந்த ரோரி ஓ'கானர். அவன் அப்பா டுர்லோ, நாட்டையே ஐம்பது வருடம் ஆட்டிப்படைத்தவன். அப்படிப்பட்ட குடும்பம், சில நூறு பேரோடு வந்து இறங்கிய ஒரு கூட்டத்தை ஏன் தடுக்கவில்லை? தடுக்காததோடு, அடுத்த எழுபது வருடத்துக்குள் தன் சொந்த நாட்டிலேயே ஒரு மூலைக்கு ஏன் ஒதுங்கியது? இதற்குப் பதிலை டெர்மட்டிடம் தேடிப் பிரயோஜனமில்லை. ஓ'கானர் வீட்டுக்குள்ளேதான் தேட வேண்டும்.

முதலில் அந்தக் கால அயர்லாந்து எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். ஒரே நாடு, ஒரே அரசன் என்ற ஏற்பாடே அங்கு கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி மன்னர்கள். அவர்களுக்கு மேலே அல்ஸ்டர், மீத், லென்ஸ்டர், மன்ஸ்டர், கானக்ட் என்று பெரிய பகுதிகளின் மன்னர்கள். அவர்களில் எவன் மற்றவர்களிடமிருந்து பணயக்கைதிகளை வாங்குகிறானோ அவன் உயர்மன்னன். செல்வம் என்றால் மாடு. வரி மாடு, அபராதம் மாடு, சம்பளமும் மாடு. படை என்றால், கோடைக்காலத்தில் கூடி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, பிறகு கலைந்து வீட்டுக்குப் போகும் கூட்டம்.

அரசுரிமைதான் இதில் முக்கியமான விஷயம். மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற சட்டம் அங்கு இல்லை. அரச குடும்பத்து ஆண்களில் தகுதியுள்ள எவனும் கேட்கலாம். சட்ட நூல்களின்படி ஒரே கொள்ளுப்பாட்டன் வழி வந்த ஆண்கள் எல்லோருமே உரிமைக்காரர்கள். தம்பி கேட்கலாம், சித்தப்பா கேட்கலாம், பெரியப்பா பேரன் கேட்கலாம். பல மனைவிகளும், எல்லா மனைவிகளின் பிள்ளைகளுக்கும் உரிமையும் இருந்த சமூகம் அது. ஆக, ஒரு மன்னன் செத்தால் வாசலில் ஒரு பெரிய பங்காளிக் கூட்டமே நிற்கும். இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. உடலில் குறை உள்ளவன் மன்னனாக முடியாது. அதனால் போட்டியாளனைக் கொல்ல மனசு வராதவர்கள் கண்ணைக் குருடாக்கினார்கள். கொலைப்பழி இல்லை, வேலையும் முடிந்தது என்ற கணக்கு.

இந்த முறையைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஓ'கானர்கள் உயர்ந்ததே இதனால்தான்.

டுர்லோவின் அப்பாவை 1092-ல் ஓ'ஃப்ளஹர்ட்டி என்ற உள்ளூர்த் தலைவன் பிடித்துக் குருடாக்கினான். குடும்பத்தின் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். டுர்லோவுக்கு அப்போது நாலு வயது. 1106-ல், 18 வயதில், சொந்த அண்ணனைத் தள்ளிவிட்டு அவன் கானக்ட் மன்னனானான். தள்ளிவிட உதவியது யார்? அவன் தாய்மாமன், மன்ஸ்டரை ஆண்ட மர்டக் ஓ'ப்ரையன். அப்போது அயர்லாந்தில் மிகப் பெரிய ஆள் அவர்தான். தங்கை மகன் தனக்கு அடங்கி நடப்பான் என்று நினைத்திருப்பார், பாவம். 1114-ல் மாமன் நோயில் விழுந்ததும் அவருடைய பங்காளிகள் கிளம்பினார்கள். மருமகன் என்ன செய்தான்? 1118-ல் படையோடு போய் மன்ஸ்டரை இரண்டாக வெட்டினான். தெற்குப் பாதி மக்கார்த்தி குடும்பத்துக்கு, வடக்குப் பாதி ஓ'ப்ரையன் குடும்பத்துக்கு. ஒரு நூற்றாண்டாக அயர்லாந்தை மிரட்டிக்கொண்டிருந்த மன்ஸ்டர் அதற்குப் பிறகு ஒன்று சேரவே இல்லை.

டுர்லோவின் வித்தை இதுதான். எதிரியின் வீட்டுக்குள் பங்காளிச் சண்டை எங்கே புகைகிறது என்று பார்ப்பான். அதில் பலவீனமான பக்கத்துக்குக் கை கொடுப்பான். இரண்டு பக்கமும் களைத்துப்போனதும் பணயக்கைதிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். மீத் பகுதியை இப்படித்தான் திரும்பத் திரும்பத் துண்டு போட்டான். லென்ஸ்டரிலும் இதே வேலை.

வெறும் குழப்பவாதி என்றும் அவனைச் சொல்லிவிட முடியாது. ஷானன் ஆற்றின் மேல் 1120-ல் அத்லோன் உட்பட இரண்டு இடத்தில் பாலம் போட்டான். ஆற்றில் படகுப்படை வைத்திருந்தான். 1124-ல் மூன்று கோட்டைகள் கட்டினான். அவற்றில் ஒன்று கடலோரத்தில் கால்வே ஆறு கலக்கும் இடத்தில். இன்றைக்கு மேற்கு அயர்லாந்தின் பெரிய நகரமாக இருக்கும் கால்வேயின் ஆரம்பம் அந்தக் கோட்டைதான். ஏசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்று நம்பப்பட்ட ஒரு மரத்துண்டு அயர்லாந்துக்கு வந்தபோது, அதை வைக்க 1123 வாக்கில் ஒரு சிலுவைப் பேழை செய்வித்தான். 'கோங் சிலுவை' என்ற அந்தப் பொருள் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் டுர்லோவின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1152-ல் திருச்சபை நான்கு பேராயர் பீடங்களை ஏற்படுத்தியபோது அதில் ஒன்றை ஓ'கானர் நாட்டிலிருந்த டுவாமுக்கு வாங்கிவிட்டான். பாலம், கோட்டை, கப்பல், சர்ச்... ஒரு நவீன அரசு உருவாக வேண்டிய சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன.

ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. தனக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில்.

டுர்லோவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆண் பிள்ளைகள். அப்பனுக்கு மிகவும் பிடித்தவன் கானர் என்ற மகன். அவனை 1126-ல் டப்ளினுக்கு மன்னனாக உட்கார வைத்துப் பார்த்தான். அடுத்த வருடமே போய்விட்டது. 1144-ல் மீத்துக்கு மன்னனாக்கினான். ஆறு மாதத்தில் அந்த ஊர்க்காரர்கள் கொன்றுவிட்டார்கள். இன்னொரு மகன் ரோரியை 1143-ல் அப்பனே சிறையில் போட்டான். சர்ச்சின் பெரியவர்கள் உத்தரவாதம் கொடுத்திருந்தும் போட்டான். அந்த ரோரிதான் பிற்பாடு உயர்மன்னனாகப் போகிறவன். அடுத்தவன் வீட்டுப் பங்காளிகளை மோதவிடுவதில் கெட்டிக்காரனான ஒருவனுக்குத் தன் வீட்டுப் பங்காளிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. 1156-ல், 68 வயதில் செத்தான். கிளான்மக்னாய்ஸ் மடத்தில் பலிபீடத்தின் அருகே புதைத்தார்கள்.

ரோரி பட்டத்துக்கு வந்ததும் செய்த முதல் காரியம், தம்பிமார் மூன்று பேரைப் பிடித்து அடைத்தது. அதில் ஒருவனைக் குருடாக்கினான்.

வடக்கே மக்லாக்லின் என்ற மன்னன் பத்து வருடம் மேலோங்கி இருந்தான். 1166-ல் தன்னிடம் சரணடைந்த ஒரு சிற்றரசனை, சத்தியத்தை மீறிக் குருடாக்கப் போய், சொந்த ஆட்களே கைவிட்டு மடிந்தான். பாதை திறந்தது. ரோரி டப்ளினுக்குப் போய் உயர்மன்னனாகப் பட்டம் சூடினான். அந்த ஊரில் குடியேறியிருந்த வைக்கிங் வம்சத்து நகரத்தாருக்குக் கொடுக்க 4,000 மாடுகளை நாடெங்கும் வரியாகத் தண்டினான். 1168-ல் டெல்டவுன் திருவிழாவை நடத்தியபோது கூடிய குதிரைகளும் தேர்களும் மைல் கணக்கில் நீண்டு நின்றனவாம். 1169-ல் அர்மா மடத்துக் கல்விச்சாலையின் தலைமை ஆசிரியருக்கு வருடம் பத்து மாடு மானியம் எழுதிக் கொடுத்தான். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலத்து ஸ்காலர்ஷிப்! 1169-ஐ வைத்துப் பார்த்தால் ஓ'கானர்களைவிடப் பலமான குடும்பம் அயர்லாந்தில் இல்லை.

அதே 1169 மே மாதத்தில்தான் டெர்மட்டின் நார்மன் நண்பர்கள் பானோ விரிகுடாவில் இறங்கினார்கள். ஆண்டுக்குறிப்பு எழுதியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ரோரியும் அப்படித்தான். ஆனால் அவனை முட்டாள் என்று சொல்வது அநியாயம். வெளியூர்க் கூலிப்படையைக் கொண்டு வருவது அயர்லாந்தில் புதிதல்ல. தோற்றுப்போன மன்னன் எவனோ நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான், பேசித் தீர்த்தால் போய்விடுவார்கள். ஏற்கனவே 1167-ல் டெர்மட் சிறு கூட்டத்தோடு வந்தபோது அப்படித்தான் நடந்தது. ஓ'ரூர்க்குக்கு மனைவியைத் தூக்கிய அபராதமாக 100 அவுன்ஸ் தங்கம் கொடுத்து டெர்மட் சமாதானமாகிவிட்டான். (பெண்ணால் வந்த பகை அந்தத் தங்கத்தோடு சட்டப்படி தீர்ந்துவிட்டது. பெண்ணால்தான் நாடு போனது என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.) 1169-லும் ரோரி படையோடு வந்து, லென்ஸ்டர் உனக்கு, அந்நியரை அனுப்பிவிடு, உன் பிள்ளையைப் பணயமாகக் கொடு என்று பேசி முடித்தான். ஐரிஷ் வழக்கப்படி எல்லாம் சரி.

டெர்மட் வாக்கைக் காப்பாற்றவில்லை. 1170 ஆகஸ்டில் 'ஸ்ட்ராங்போ' என்ற பட்டப்பெயர் கொண்ட நார்மன் பிரபு பெரும்படையோடு வந்தான். வாட்டர்ஃபோர்டு விழுந்தது. டெர்மட்டின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். செப்டம்பரில் டப்ளினும் விழுந்தது. ரோரி பணயக்கைதியாக இருந்த டெர்மட்டின் மகனைக் கொன்றான். கூட ஒரு பேரனையும். வழக்கப்படி அதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. ஆனால் டெர்மட்டின் வாரிசுகள் குறைந்ததால் யாருக்கு லாபம்? மருமகனுக்கு! 1171 மே மாதத்தில் டெர்மட் செத்ததும் லென்ஸ்டர் எனக்குத்தான் என்று ஸ்ட்ராங்போ உட்கார்ந்துகொண்டான். மகள் வழியாக நாடு போவது ஐரிஷ் சட்டத்தில் இல்லாத ஒன்று. வாளை வைத்துக்கொண்டு சட்டம் பேசினால் யார் மறுப்பது?

அந்தக் கோடையில் ரோரி டப்ளினை இரண்டு மாதம் முற்றுகையிட்டான். உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நார்மன்கள் திடீரென்று வெளியே பாய்ந்து முகாமைச் சிதறடித்தார்கள். அப்போது ரோரி குளித்துக்கொண்டிருந்தான் என்றும், தப்பித்தது பெரும்பாடு என்றும் வேல்ஸ்காரரான ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். படையெடுத்து வந்தவர்களில் பலர் அந்த ஜெரால்டுக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். எண்ணூறு வருடமாக ரோரி என்றாலே அந்தக் குளியல்தான் எல்லோருக்கும் ஞாபகம். பத்து மாடு மானியம் கொடுத்தது யாருக்கும் ஞாபகமில்லை.

1171 அக்டோபரில் ஹென்றியே வந்து இறங்கினான். 1175 அக்டோபர் 6-ம் தேதி விண்ட்சரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரோரி ஹென்றிக்குக் கீழ்ப்பட்ட கானக்ட் மன்னன். நார்மன்கள் பிடிக்காத மற்றப் பகுதிகளுக்கும் அவனே மேலாள். பதிலுக்கு, வெட்டப்படும் பத்து மாட்டுக்கு ஒரு தோல் கப்பமாகக் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் இது ஒரு பொறி. மற்ற ஐரிஷ் மன்னர்களிடமிருந்து ஒழுங்காகக் கப்பம் வசூலித்து அனுப்பும் அதிகாரியாக ரோரி இருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தம். எந்த ஐரிஷ் உயர்மன்னனுக்கும் அப்படி ஒரு அதிகாரம் என்றைக்கும் இருந்ததில்லை. ஹென்றி இரண்டு வருடம்கூடப் பொறுக்கவில்லை. 1177-ல் தன் கடைசி மகன் ஜானுக்கு அயர்லாந்தைக் கொடுப்பதாக அறிவித்து, மன்ஸ்டரைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டான்.

இதுவரை நடந்ததை அந்நியரின் வஞ்சகம் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கானக்ட் இன்னும் விழவில்லை. யார் அதற்குள் நார்மன்களை அழைத்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

1177-ல் மைல்ஸ் டி கோகன் என்ற நார்மன் தளபதி ரோஸ்காமன் வரைக்கும் வந்தான். வழி காட்டியவன் மர்ரோ ஓ'கானர். ரோரியின் சொந்த மகன்! கானக்ட் மக்கள் தங்கள் தானியத்தையும் கோயில்களையும் தாங்களே எரித்துவிட்டு ஒதுங்கினார்கள். தின்ன ஒன்றும் கிடைக்காமல் வந்த படை திரும்பி ஓடியது. கவசமும் வில்லும் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டாம். ஊர் ஒன்றாக நின்றபோது நார்மன்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரோரி தன் மகனைப் பிடித்துக் குருடாக்கினான்.

பிறகு நடந்தது வேகமாகச் சொல்லக்கூடியதுதான். 1183-ல் ரோரி இன்னொரு மகன் கானர் மொயின்மொயிடம் ஆட்சியை விட்டுவிட்டுக் கோங் மடத்துக்குப் போனான். 1185-ல் மனசு மாறித் திரும்பி வந்தான். 1186-ல் மகன் அப்பனைத் துரத்தினான். 1189-ல் மகனை அவன் வீட்டு ஆட்களே கொன்றார்கள். 1198-ல் ரோரி கோங் மடத்தில் கிழவனாகச் செத்தான். அதற்குள் களத்தில் இரண்டு கேத்தல்கள் நின்றார்கள். ஒருவன் டுர்லோவின் கடைசிக் காலத்துப் பிள்ளை, செங்கைக் கேத்தல். மற்றவன் ரோரியின் பேரன் கேத்தல் காரக். தாத்தா முறை ஒருவன், பேரன் முறை ஒருவன். வில்லியம் டி பர்க் என்ற நார்மன் பிரபு 1200-ல் பேரனுக்கு உதவினான். 1202-ல் கட்சி மாறித் தாத்தாவுக்கு உதவினான். பேரன் கொல்லப்பட்டான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான்.

டி பர்க்கின் வீரர்கள் கூலி வசூலிக்கக் கானக்ட் வீடுகளில் ஆளுக்கொரு பக்கமாகத் தங்கினார்கள். டி பர்க் செத்துவிட்டான் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அவரவர் வீட்டில் இருந்த விருந்தாளியை அவரவரே வெட்டினார்கள். 900 பேருக்கு மேல் செத்தார்கள் என்கிறது ஆண்டுக்குறிப்பு. வீடு வீடாக மக்கள் ஒரே ராத்திரியில் செய்ததைத் தலைவர்கள் நூறு வருடத்தில் செய்யவில்லை.

செங்கைக் கேத்தல் கெட்டிக்காரன்தான். குடும்பத்தில் டுர்லோவுக்குப் பிறகு அரசியல் தெரிந்தவன் அவன் ஒருவனே என்று சொல்லலாம். மூத்த மகனுக்கே பட்டம் என்ற நார்மன் முறைதான் இனி எடுபடும் என்று புரிந்துகொண்டு இங்கிலாந்து மன்னன் ஜானிடம் கானக்ட்டுக்குப் பட்டயம் கேட்டான். 1215 செப்டம்பர் 13-ல் கிடைத்தது. வருடம் 300 மார்க் குத்தகை. அதே நாளில், அதே அலுவலகத்தில், அதே கானக்ட்டுக்கு இன்னொரு பட்டயமும் எழுதப்பட்டது. வில்லியமின் மகன் ரிச்சர்ட் டி பர்க்கின் பெயரில்! ஒரே மனையை இருவருக்கு விற்கும் வேலை புதிதல்ல போலிருக்கிறது.

1224-ல் செங்கைக் கேத்தல் போனதும் பட்டம் அவன் மகன் ஈடுக்கு. ரோரியின் பிள்ளைகள் விடுவார்களா? மறுபடியும் சண்டை. ஈடு நார்மன் படையைக் கூப்பிட்டான், அவர்கள் வேறு நார்மன் படையைக் கூப்பிட்டார்கள். 1227-ல் கானக்ட் பறிமுதல் என்று அறிவித்து, ஐந்து வட்டங்களை மட்டும் அரசருக்கு ஒதுக்கிக்கொண்டு, மீதி 25 வட்டங்களையும் ரிச்சர்ட் டி பர்க்கிடம் கொடுத்தார்கள். 1228-ல் ஈடு ஒரு நார்மன் வீட்டில் கொல்லப்பட்டான். 1233-ல் அவன் தம்பி ஃபீலிம், ரோரியின் மகனான இன்னொரு ஈடைக் கொன்று பட்டத்தைப் பிடித்தான். ரோரி வம்சத்து ஆட்சி அதோடு முடிந்தது. அதற்கு ஆண்டுக்குறிப்புக்காரர் ஒரு காரணம் சொல்கிறார். பெண்கள் விஷயத்தில் பாவத்தை விட்டுவிட்டால் ஆறு மனைவி வரை வைத்துக்கொள்ளலாம், அயர்லாந்து உன் வம்சத்துக்கே என்று போப் சொல்லி அனுப்பினாராம். ரோரி மறுத்துவிட்டானாம். போப் அப்படிச் சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைகள் அதிகமாகிப் போனதுதான் பிரச்சினை என்பது அந்தத் துறவிக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். 1235-ல் நார்மன்கள் பெரும் படையோடு வந்து கானக்ட்டை எடுத்துக்கொண்டார்கள். ஃபீலிமுக்கு மிஞ்சியது ரோஸ்காமன் பக்கத்து அந்த ஐந்து வட்டங்கள், அதுவும் வாடகைக்கு.

இதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்தில் உயிர் இருந்தது என்பதுதான் ஆச்சரியம். ஃபீலிமின் மகன் ஈடு வேறு மாதிரியான ஆள். 1258-ல், உயர்மன்னன் பட்டத்துக்குத் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, வடக்கே ப்ரையன் ஓ'நீலை அயர்லாந்து மன்னனாக ஏற்றுக்கொண்டான். ஓ'கானர் ஒருவன் தனக்கு மேல் இன்னொருவனை விரும்பி ஒத்துக்கொண்டது அபூர்வம். (ஓ'நீல் 1260-ல் போரில் செத்துப்போனான். நல்ல யோசனைகளுக்கு இப்படித்தான் ஆகிறது.) 1259-ல் ஸ்காட்லாந்துக் கடற்கரைத் தீவுகளின் தலைவன் ஒருவனின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். சீதனமாகக் கோடரி ஏந்திய 160 வீரர்கள் வந்தார்கள். 'காலோக்ளாஸ்' என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற கூலிவீரர்கள் அயர்லாந்தின் ஆவணங்களில் முதலில் தலைகாட்டுவது இங்கேதான். 1270-ல் அத்-அன்-கிப் என்ற ஆற்றுத்துறையில் வால்டர் டி பர்க்கை அடித்து நொறுக்கினான். அந்நிய வீரர்களை வைத்திருந்ததால் அவனுக்கு 'அந்நியர்களின் ஈடு' என்று பட்டப்பெயர். டெர்மட் மக்மரோவுக்கும் அதே பட்டப்பெயர்தான், 'அந்நியர்களின் டெர்மட்'. ஒருவனுக்கு அது பெருமை, மற்றவனுக்கு அது வசவு.

1274-ல் ஈடு செத்தான். பிறகு அடுத்தடுத்து மன்னர்கள், அடுத்தடுத்துக் கொலைகள். 1315-ல் ஸ்காட்லாந்து மன்னனின் தம்பி எட்வர்ட் ப்ரூஸ் படையோடு வந்தபோது ஃபீலிம் என்ற இளைஞன் கானக்ட் மன்னன். அவன் வடக்கே போரில் இருந்த சமயம் பார்த்து இங்கே ஒரு பங்காளி ஆட்சியைப் பிடித்தான். ஃபீலிம் 1316 தொடக்கத்தில் நார்மன் பிரபு ரிச்சர்ட் டி பெர்மிங்காமின் உதவியோடு பங்காளியைக் கொன்றான். கொன்ற கையோடு நார்மன்கள் மேலேயே திரும்பினான். 1316 ஆகஸ்ட் 10-ம் தேதி அத்தென்ரையில் பெரும் போர். எதிரே நின்றவர்களில் அதே பெர்மிங்காமும் ஒருவன். ஃபீலிமும் அவனோடு வந்த தலைவர்கள் பலரும் ஒரே நாளில் மாண்டார்கள். கானக்ட் முழுவதையும் மீட்க ஓ'கானர்கள் செய்த கடைசிப் பெரிய முயற்சி அது.

அப்படியானால் மூத்த மகனுக்கே பட்டம் என்று ஆரம்பத்திலேயே மாறியிருந்தால் தப்பித்திருப்பார்களா? பலரும் ஆமாம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் டி பர்க் குடும்பத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அந்த ஒழுங்கான முறைதான். 1333-ல் அல்ஸ்டர் பிரபுவான வில்லியம் டி பர்க் கேரிக்ஃபெர்கஸ் அருகே தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டான். வாரிசு ஒரே ஒரு பெண் குழந்தை. சட்டப்படி எல்லாம் அந்தக் குழந்தைக்கு. குழந்தை வழியாக ஒரு நாள் இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு. நிஜத்தில் என்ன ஆயிற்று? கானக்ட்டில் இருந்த டி பர்க் சித்தப்பாக்கள் நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு, ஐரிஷ் பேசி, ஐரிஷ் முறையில் தலைவனைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள்! ஒரு கொலையில் ஒரு பெரிய பிரபுத்துவம் காலி. ஓ'கானர்கள் வீட்டில் அத்தனை கொலைகள் நடந்தும் வம்சம் அறுபடவில்லை, ஏனென்றால் பட்டம் கேட்க எப்போதும் இன்னொருவன் இருந்தான். உயர்த்தியதும் அந்தப் பங்காளிக் கூட்டம்தான், உடைத்ததும் அதுதான், அழியாமல் வைத்ததும் அதுதான்.

1384-ல் குடும்பம் இரண்டாகவே பிரிந்தது. இருவர் பெயரும் டுர்லோ என்பதால் தலைமுடி நிறத்தை வைத்து ஓ'கானர் டான், ஓ'கானர் ரோ என்று அழைத்தார்கள். டான் என்றால் பழுப்பு, ரோ என்றால் சிவப்பு. டான் கிளை இன்றும் இருக்கிறது. ரோஸ்காமன் மாவட்டத்தில் கேஸில்ரே ஊரருகே 1878-ல் கட்டிய கிளோனாலிஸ் மாளிகை அவர்களுடையது. அங்கே வாசலுக்கு வெளியே ஒரு கல் கிடக்கிறது. கானக்ட் மன்னர்கள் பட்டமேற்ற கல் அது என்கிறார்கள்.